ஷியானில் எது பழையது, எது புதியது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீனாவின் ஷான்ஷி மாகாணத் தலைநகரான ஷியானைப் பற்றிச் சென்ற இதழின் பயணப் பகுதியில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். பழைய நூல்கள் சாங்கான் என்று குறிப்பிடும் ஊர் இதுதான். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பெய்ஜிங் சுற்றுலாக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறோம். ஷியானுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். காலை ரயிலில் போய்ச் சுடுமண் வீரர்களைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்கிறார் முகவர். இது போதுமா? (வாசகர், சென்னை)

பதில்: சுடுமண் வீரர்களைப் பார்க்கப் போதும், ஷியானைப் பார்க்கப் போதாது. பெய்ஜிங்கிலிருந்து ஷியான் ஏறத்தாழ 1200 கி.மீ. அதிவேக ரயிலிலும் ஒரு வழிப் பயணத்துக்கு நாலு மணி நேரத்துக்கு மேல், ஆறு மணி நேரம் வரை ஆகும். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட சிலைப் படைதான் இந்த வீரர்கள். அவர்கள் இருக்கும் இடமோ நகருக்குள் இல்லை. கிழக்கே 35 கி.மீ.க்கும் அப்பால், லின்டோங் பகுதியில் இருக்கிறது. ஆகவே முகவர் சொல்லும் திட்டத்தில் உங்கள் பொழுதில் பெரும்பங்கு ரயிலிலும் பேருந்திலுமே கழிந்துவிடும்.

இந்த ஊரின் தன்மையே வேறு. சின் வம்சத்தின் (கி.மு. 3ஆம் நூற்றாண்டு) தலைநகர் வெய் ஆற்றுக்கு வடக்கே இருந்தது. அடுத்து வந்த ஹான் வம்சத்தார் தங்கள் நகரை இன்றைய ஊருக்கு வடமேற்கே அமைத்தார்கள். டாங் வம்சத்தாரின் (7–10ஆம் நூற்றாண்டு) சாங்கான்தான் இன்றைய ஷியான் நிற்கும் மண்ணில் இருந்தது. அதன் பரப்பு சுமார் 84 சதுர கி.மீ. பிற்கால மிங் வம்சத்தார் (14–17ஆம் நூற்றாண்டு) மதில் கட்டி வளைத்ததோ அதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். வரலாறு ஒரே இடத்தில் குவிந்து கிடக்காமல் நாலாபுறமும் சிதறிக் கிடப்பதால், குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். மூன்று என்றால் நிம்மதி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஷியானில் கண்ணில் படும் ‘பழைய’ கட்டடங்களில் சில உண்மையிலேயே பழையவை, சில பழையதைச் செப்பனிட்டவை, சில அண்மையில் பழைய பாணியில் கட்டப்பட்டவை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு இந்த ஊர் காட்டும் செல்வம் மிக அதிகம். கீழே வரும் பதில்களில் அதைக் கூடியவரை பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறோம்.

கேள்வி: சுடுமண் வீரர்கள் அத்தனை பேரும் மண்ணிலிருந்து அப்படியே முழுதாக எடுக்கப்பட்டவர்களா? அவற்றுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள் என்கிறார்களே, அது இப்போது எங்கே போயிற்று? (ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: 1974 மார்ச் மாதத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த விவசாயிகளின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவை உடைந்த துண்டுகள்தாம். இன்று முதல் குழியில் அணிவகுத்து நிற்கும் வீரர்களில் பெரும்பாலோர் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டப்பட்டவர்கள். இந்தக் குழிகளுக்கு மேல் பருத்த மரக் கட்டைகளால் கூரை வேய்ந்து, பாய் விரித்து, அதன்மேல் மண் கொட்டி மூடியிருந்தார்கள். கூரை எரிந்தும் இற்றும் சரிந்தபோது மண் பாரம் முழுவதும் சிலைகளின் மேல் விழுந்தது. சின் பேரரசு வீழ்ந்தபோது புகுந்த கலகப் படைகள் தீ வைத்ததாக மரபாகச் சொல்கிறார்கள். கருகிய மரமும் தீயில் சிவந்த மண்ணும் அங்கே கிடைத்திருக்கின்றன.

முதல் குழி 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் மட்டும் சுமார் 6000 உருவங்கள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றுள் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. குழியின் பின்பகுதிக்குப் போனால், ஒட்டுவதற்காக நிறுத்தி வைத்திருக்கும் தலையில்லாத உடல்களையும், இலக்கமிட்ட துண்டுகளையும் பார்க்கலாம். எல்லாரும் முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தாங்கள் ஓவிய ஆசிரியர் என்பதால் சொல்கிறோம், பின்பகுதியில் அரை மணி நேரம் செலவிடுங்கள். கால்களைக் கெட்டியாகவும் உடலை உள்ளீடற்றும் செய்து, தலையைத் தனியே வனைந்து பொருத்தியிருக்கும் முறை அங்கேதான் விளங்கும். சில உருவங்களில் அவற்றைச் செய்த குயவரின் பெயரோ அவர் சார்ந்த பட்டறையின் பெயரோ பொறிக்கப்பட்டிருக்கிறது. வேலையில் குறை இருந்தால் யாரைக் கேட்பது என்று அரசு அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

வண்ணத்தைப் பொறுத்தவரை, சுட்ட மண்ணின் மேல் முதலில் மரப்பாலில் செய்த அரக்கை ஒரு பூச்சு தடவி, அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று பூசியிருந்தார்கள். ஈரமண்ணுக்குள் 2000 ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த அந்த அரக்கு, வெளிக்காற்று பட்டு ஈரம் குறைந்ததும் சில நிமிடங்களிலேயே சுருண்டு வண்ணத்தோடு உதிர்ந்துவிடுகிறது. தோண்டுவதில் அவசரம் காட்டாததற்கு இதுவே முதன்மையான காரணம். இப்போது எடுக்கப்படும் உருவங்களுக்கு வேதிப்பொருள் ஊட்டி வண்ணத்தைக் காக்கிறார்கள்.

இரண்டாம் குழிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மண்டியிட்ட வில்லாளியைத் தவற விடாதீர்கள். நிற்கும் வீரர்களைவிடத் தாழ்வாக இருந்ததால் கூரை விழுந்தபோது தப்பியவர். பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய், தூக்கி நிற்கும் குதிகாலுக்குக் கீழே குனிந்து பாருங்கள்: துணிக் காலணியின் அடிப்பாகம் தெரியும். முன்புறமும் குதிகாலிலும் தையல் நெருக்கமாகவும், நடுவில் சற்று விலகியும் ஓடுவதைக்கூடக் குயவர் விடாமல் காட்டியிருக்கிறார்.

அங்குள்ள வழிகாட்டிகள் சிலர், குழிகளில் கிடைத்த வெண்கல வாள்கள் துருப்பிடிக்காததற்குக் குரோமிய முலாம் காரணம் என்றும், அந்த நுட்பத்தைச் சீனர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்றும் இன்றும் சொல்வதுண்டு. 2019ல் வெளியான ஆய்வு அந்தக் குரோமியம் அரக்குப் பூச்சிலிருந்து படிந்ததே என்று காட்டிவிட்டது.

கேள்வி: பேரரசரின் கல்லறையையே ஏன் இன்னும் திறக்கவில்லை? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: வீரர்கள் நிற்கும் குழிகளுக்கு மேற்கே ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. தொலைவில், மரங்கள் அடர்ந்த ஒரு மேடாகச் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை இருக்கிறது. கி.மு. 221ல் சீனாவை ஒன்றிணைத்து, கி.மு. 210ல் இறந்தவர் அவர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் சீமா சியென், உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைக்கப்பட்டிருப்பதாகக் குறித்திருக்கிறார். மேட்டின் மண்ணைச் சோதித்தபோது பாதரசத்தின் அளவு சுற்றுப்புறத்தைவிட மிகுதியாக இருந்தது. வியப்பு என்னவென்றால், கல்லறையை இவ்வளவு விரிவாக வருணிக்கும் அவர் சுடுமண் படையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

திறக்காததற்குப் பாதரசத்தைவிடப் பழைய அனுபவமே பெரிய காரணம். 1950களில் பெய்ஜிங் அருகே மிங் பேரரசர் வான்லியின் திங்லிங் கல்லறையைத் தோண்டினார்கள். உள்ளே நல்ல நிலையில் கிடைத்த பட்டுத் துணிகள், காக்கும் முறை தெரியாததால் பாழாகிப்போயின. அதன்பின், தானாக ஆபத்துக்கு உள்ளாகாத அரச கல்லறைகளைத் தொடுவதில்லை என்று சீன அரசு கொண்ட முடிவு சரியானது என்பதே எங்கள் கருத்து. ஆனால் இந்த மேட்டுக்கு அருகே 1980ல் கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் நான்கு குதிரைகள். அளவு நிஜத்தில் பாதி. வீரர்களைவிட நுட்பமான வேலை என்று தயங்காமல் சொல்வோம். இவை இப்போது குழிகளுக்கு அருகில் இல்லை. கல்லறை வளாகத்தில் 2021ல் திறந்த தனிக் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன.

கேள்வி: ஷியான் நகர மதில் டாங் காலத்தைச் சேர்ந்ததா? அதன்மேல் சைக்கிள் ஓட்டலாம் என்கிறார்கள். எனக்கு வயது 66. முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: மதில் மிங் வம்சத்தைச் சேர்ந்தது. 1370ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய வேலை. டாங் காலத்து அரச வளாகத்தின் சுவரை அடித்தளமாகக் கொண்டு எழுப்பினார்கள். உள்ளே இருப்பது கெட்டித்த மண். வெளியே தெரியும் செங்கல் 16ஆம் நூற்றாண்டில் போர்த்தியது. 1980களில் பெரிய அளவில் செப்பனிடப்பட்டது. உயரம் 12 மீட்டர், மேல்தளத்தின் அகலம் 12 முதல் 14 மீட்டர், சுற்றளவு கிட்டத்தட்ட 13.7 கி.மீ. பெய்ஜிங்கின் மதில் சாலைக்கும் மெட்ரோ ரயிலுக்குமாக இடிக்கப்பட்டுவிட்ட நிலையில், இவ்வளவு பெரிய நகர மதில் முழுச் சுற்றாக நிற்பது சீனாவிலேயே அரிது.

மேலே போகும்போது, மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் கொத்தளங்களைக் கவனியுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 120 மீட்டர் இருக்கும். ஒரு கொத்தளத்திலிருந்து எய்யும் அம்பு அதில் பாதித் தூரம் போனால் போதும். இரண்டு பக்கமிருந்தும் எய்தால், மதிலடியில் ஏணி சாத்துகிற எதிரிக்கு ஒதுங்க இடமே இராது.

சைக்கிள் தாராளமாக ஓட்டலாம். தெற்கே யோங்னிங் வாயிலில் வாடகைக்குத் தருகிறார்கள்; இருவர் சேர்ந்து மிதிக்கும் வண்டியும் உண்டு. தளம் செங்கல் பாவியது என்பதால் குலுக்கும். முதுகுவலி உள்ளவர்கள் பேட்டரி வண்டியில் ஏறிக்கொள்வது நல்லது. நிழல் என்பது பெயருக்கும் கிடையாது. கோடையில் காலையிலோ மாலையிலோ மட்டும் ஏறுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு வந்துபோன யுவான் சுவாங் கட்டிய கோபுரம் ஷியானில் இன்றும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே அவர் தொடர்பாக என்னென்ன பார்க்கலாம்? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: அதன் பெயர் பெரிய காட்டு வாத்துக் கோபுரம், நகரின் தெற்கே ‘த ட்சுஎன்’ மடத்துக்குள் இருக்கிறது. 645ல் சாங்கான் திரும்பிய சீனத் துறவி யுவான் சுவாங், இந்தியாவிலிருந்து 657 புத்த நூல்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றைத் தீயும் காலமும் அழித்துவிடாமல் காக்கத்தான் 652ல் இந்தக் கோபுரம் எழுந்தது. இந்திய முறையில் உயர்ந்த கல்கோபுரம் கட்ட அவர் அனுமதி கேட்டார். செலவும் காலமும் மிகும் என்று பேரரசர் காவோசோங் செங்கல்லில் சிறியதாகக் கட்டச் சொன்னார். கட்டும்போது துறவியே கூடையில் செங்கல் சுமந்ததாக அவருடைய சீடர் எழுதிய வரலாறு கூறுகிறது.

இன்று நிற்கும் வடிவம் சிறிது பிற்பட்டது. முதலில் கட்டியது விரைவில் பழுதுபட்டதால் பேரரசி வூ செதியான் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதுப்பித்தார்கள். பின்னர் நிலநடுக்கங்களிலும் அடிபட்டது. இப்போது ஏழு நிலை, சுமார் 64 மீட்டர் உயரம், வடமேற்காகச் சற்றே சாய்வு. சுற்றியிருக்கும் மடத்துக் கட்டடங்கள் மிங் காலத்தவையும், அடுத்து வந்த சிங் வம்சக் காலத்தவையும் அதற்குப் பின் கட்டியவையுமே. மேலே ஏறத் தனிச் சீட்டு, மரப்படி. உச்சியிலிருந்து தெரிவது அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான் என்பதால், முழங்கால் வலி இருப்பவர்கள் ஏறாவிட்டால் பெரிய நட்டமில்லை. அதற்குப் பதிலாக அடிநிலையில் நேரம் செலவிடுங்கள். தெற்கு வாசலின் இருபுறமும் 653ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. யுவான் சுவாங்கின் மொழிபெயர்ப்புகளுக்குப் பேரரசர் டைசோங்கும் அவருடைய மகன் காவோசோங்கும் எழுதிய முன்னுரைகள் அவை. எழுத்தை வடித்தவர் அக்காலத்தின் பெரும் எழுத்துக் கலைஞர் சூ சுய்லியாங். மேற்கு வாசலின் மேல்நிலைக் கல்லில் மெல்லிய கோடுகளாக ஒரு மண்டபம் செதுக்கப்பட்டிருக்கிறது. டாங் காலத்து மரக் கட்டடங்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும் நிலையில், தூண்மேல் கூரை எப்படி ஏந்தப்பட்டது என்பதைக் கட்டடக்கலை அறிஞர்கள் இந்தக் கோட்டுச் சித்திரத்தைப் பார்த்தும் தெரிந்துகொண்டார்கள்.

காஞ்சிக்கு அவர் வந்தது 640ஆம் ஆண்டு வாக்கில், முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சியில். நூற்றுக்கு மேற்பட்ட புத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள், எண்பது தெய்வக் கோயில்கள் என்று ஊரைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். இங்கிருந்து இலங்கைக்குப் போவதே அவருடைய எண்ணம். அங்கே அரசர் இறந்து குழப்பமாக இருக்கிறது என்று காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்த இலங்கைத் துறவிகள் சொன்னதால் திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பினார். நாளந்தாவில் புகழ்பெற்றிருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதும் அவர் தரும் செய்திதான்.

அவருடைய எலும்புகள் கோபுரத்துக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 664ல் மறைந்த அவருக்கு, நகருக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள ஷிங்ஜியாவ் மடத்தில்தான் நினைவுக் கோபுரம் இருக்கிறது. ஐந்து நிலைகொண்ட அதன் இருபுறமும் அவருடைய மாணவர்கள் இருவருக்குச் சிறிய கோபுரங்கள். சுற்றுலாப் பேருந்துகள் எட்டிப்பார்க்காத இடம். 2014ல் பட்டுச்சாலை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது. காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் ஷியான் போனால், அரை நாள் ஒதுக்கி அங்கே போய்வர வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. நேரம் மிஞ்சினால் நகருக்குள்ளேயே உள்ள தஷிங்ஷான் மடத்தையும் பாருங்கள். பல்லவ நாட்டில் இருந்துவிட்டுக் கடல்வழியே சீனா போன வஜ்ரபோதியின் மாணவர் அமோகவஜ்ரர், எட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து நூல்களை மொழிபெயர்த்தார். கட்டடங்கள் பிற்காலத்தவைதாம்.

கேள்வி: ஷியானின் பெரிய பள்ளிவாசல் சீனக் கோயில் போலவே இருக்கும் என்கிறார்களே? (வாசகர், கீழக்கரை)

பதில்: வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முரசுக் கோபுரத்துக்குப் பின்னால், கடைகள் நெருக்கும் ஒரு சந்துக்குள் போனால் வாசல். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், கல் தோரணங்கள், நீலப் பச்சை ஓடு வேய்ந்த கூரைகள். தெற்கு நோக்கி அமைவது சீன மரபு. இந்த வளாகமோ கிழக்கிலிருந்து மேற்காக நீள்கிறது, தொழுகை மெக்காவின் திசையில் அமைய வேண்டும் என்பதற்காக. மினாரா இருக்க வேண்டிய இடத்தில் எண்கோண வடிவில் ஒரு மர மாடம் நிற்கிறது. தொழுகைக் கூடத்தின் உட்சுவர்களில் குர்ஆன் வசனங்கள் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டிருக்கின்றன. முஸ்லிம் அல்லாதவர்கள் கூடத்துக்குள் நுழைய முடியாது. வாசலில் நின்று பார்க்கலாம். 742ல் நிறுவப்பட்டதாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. இப்போதுள்ள வளாகம் 1392ல் தொடங்கியது என்று கொள்வதே பொருத்தம். சந்தின் கூச்சலுக்குப் பின் இந்த முற்றங்களில் உட்கார்ந்திருப்பது இதமாக இருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: அந்த ஊரின் பெயர்பெற்ற உணவுகள் ஆட்டிறைச்சியைச் சுற்றியே இருக்கும். ஆனால் லியாங்பி என்ற குளிர்ந்த நூடுல்ஸ், மிளகாய் எண்ணெயும் காடியும் வெள்ளரித் துருவலும் கலந்து எல்லாத் தெருவிலும் கிடைக்கும். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். மற்ற நூடுல்ஸ் கடைகளில் எலும்புச் சாறு சேர்ப்பது வழக்கம் என்பதால், ‘இறைச்சி, எலும்புச் சாறு, முட்டை வேண்டாம்’ என்று சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். புத்த மடங்களை ஒட்டிய சைவ உணவகங்கள் நம்பகமானவை.

கேள்வி: கூட்டம் குறைவாக, அதே சமயம் உண்மையிலேயே பழமையான இடங்கள் எவை? (கல்வெட்டு ஆர்வலர், தஞ்சாவூர்)

பதில்: தங்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது: மதிலுக்கு உட்புறம், தெற்கு வாயிலுக்கு அருகில், பழைய கன்ஃபூசியஸ் கோயிலில் அமைந்த பெய்லின், அதாவது கல்வெட்டுக் காடு. 1087ல் தொடங்கிய சேகரிப்பு. கன்ஃபூசிய நூல்கள் பன்னிரண்டையும் 837ல் 114 கற்களின் இரு பக்கமும் வெட்டி முடித்தார்கள். படியெடுப்பவர்கள் பிழை செய்தால் கல்லோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பது நோக்கம். 781ஆம் ஆண்டின் சிரியக் கிறித்தவக் கல்வெட்டும் இங்கேதான். 635ல் சாங்கான் வந்த அலோபன் என்ற குருவைப் பற்றியும், அவரைப் பேரரசர் வரவேற்றது பற்றியும் அது பேசுகிறது. சீன வரிகளின் கீழும் பக்கங்களிலும் சிரியாக் எழுத்து ஓடுவதைத் தேடிப் பாருங்கள். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை தோய்ந்த துணிப் பொதியால் தட்டித் தட்டி மைப்படி எடுப்பதைச் சில நேரங்களில் அங்கேயே காணலாம். நம் தொல்லியல் துறையினர் செய்வதும் ஏறக்குறைய அதேதான்.

இன்னோர் இடம், விமான நிலையம் போகும் திசையில் உள்ள ஹான் யாங்லிங். கி.மு. 141ல் இறந்த பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகம். மண்ணுக்கடியில் கண்ணாடித் தளத்தின் மேல் நடந்தபடி, காலுக்குக் கீழே குழிகளைப் பார்க்கலாம். சுமார் 60 செ.மீ. உயரமே உள்ள மண் மனிதர்கள் கையில்லாமல் நிற்பார்கள். மரக் கைகளும் பட்டு உடைகளும் மட்கிப்போனதால் அந்தக் கோலம். அவர்களுக்கு அருகே பன்றி, நாய், ஆடு எனக் கூட்டங் கூட்டமாக மண் கால்நடைகள். சின் பேரரசர் மறுமைக்குப் படையைக் கொண்டுபோனார். இவர் முக்கியமாகச் சமையலறைக்கு வேண்டியதைக் கொண்டுபோயிருக்கிறார்.

சின்ன காட்டு வாத்துக் கோபுரமும் (எட்டாம் நூற்றாண்டு) அமைதியான இடமே. பதினைந்து நிலைகளில் உச்சி இடிந்து இப்போது பதின்மூன்று. 1487 நிலநடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை பிளந்தது, 1521ல் வந்த மற்றொன்றில் மூடிக்கொண்டது என்று அதன் நிலைக்கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

கேள்வி: எந்த மாதம் போவது? எதைத் தவிர்க்கலாம்? (வாசகர், பெங்களூரு)

பதில்: ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நல்லவை. ஆனால் மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் சீனாவில் தேசிய விடுமுறை. அந்த நாட்களில் சுடுமண் வீரர்களைவிட மனிதத் தலைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தவிர்க்கலாம் என்று சொன்னால், பெரிய கோபுரத்துக்குத் தெற்கே விளக்கலங்காரத்துடன் நீளும் ‘டாங் காலத்து’ வீதியைச் சொல்வோம். முழுக்க இக்காலத்துக் கட்டுமானம். குழந்தைகளுடன் ஒரு மாலைப் பொழுது உலாவ ஏற்றது. வரலாறு தேடிப் போகிறவருக்கு அங்கே வேலையில்லை. மாறாக ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை, கட்டணமில்லாச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், ஹோட்டல் வரவேற்பாளரிடமோ முகவரிடமோ சொல்லிப் பல நாள் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். பெரும்பாலான இடங்களில் பாஸ்போர்ட் எண் கொடுத்துத்தான் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கூகுள் வரைபடம் அங்கே பயன்படாது. பணம் செலுத்தப் பயன்படும் அலிபே செயலியில் உங்கள் வெளிநாட்டு அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். சுடுமண் வீரர்களைப் பார்க்க டாக்சியில் ஏறினால், வழியில் வேறு ‘காட்சிக்கூடம்’ எதிலும் நிறுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.